டென்ஷனில் சாப்பிடுகிறவர்களுக்குக் கொரியப் பாரம்பரிய மருத்துவம் என்ன செய்கிறது?

கொரியாவில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களிடம் டென்ஷன் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் சாப்பாட்டைத்தான் சொல்வார்கள், அதுவும் காரமாக. சிவப்புக் குழம்பில் கொதிக்கும் தொக்போக்கி, ஒரு வாய் வைத்தாலே கண்ணில் நீர் முட்டும் புல்தாக் நூடுல்ஸ், ராத்திரி 11 மணிக்கு ஆப்பில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் பொரித்த கோழியும் பீரும். காரத்தை உடம்பு வலியாகத்தான் எடுத்துக்கொள்கிறது, அந்த வலியைத் தணிக்க எண்டார்ஃபின் என்ற ரசாயனம் சுரக்கிறது, கொஞ்ச நேரம் மனசு லேசாகிறது. இப்படியே சில மாதம் போய்ப் பழைய பேன்ட் இடுப்பில் ஏறாமல் நிற்கும்போது அவர்களில் பலர் தேடிப் போகும் இடம் தெருமுனையில் இருக்கும் ஹனுய்வொன், அதாவது கொரியப் பாரம்பரிய மருத்துவ கிளினிக்.

அந்த ஒரே போர்டுக்குக் கீழே இரண்டு வேறு வேறு வேலை நடக்கிறது. ஒன்று, இந்த ஆள் ஏன் சாப்பிடுகிறார், எப்போது சாப்பிடுகிறார், சாப்பிட்ட பிறகு நெஞ்சு எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி என்று உட்கார்ந்து விசாரித்து அதற்கேற்ப அக்குபங்சர் ஊசியோ கஷாயமோ கொடுப்பது. இன்னொன்று, 'டயட் ஹன்யாக்' என்ற பெயரில் எடை குறைக்கும் கஷாயப் பைகளை விற்பது. முதலாவதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டாவதில் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு மூலிகைதான், அதுவும் மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அவ்வளவாக ஒத்துவராத மூலிகை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்புக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். திடீர் பயத்தில் பசி எடுக்காது, அட்ரினலின் அதை அடைத்துவிடும். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும் அழுத்தம் வேறு ரகம். அப்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்தே நிற்கிறது, அது பசியைத் தூண்டுகிறது, கூடவே இனிப்பும் கொழுப்பும் நிறைந்த பண்டங்களின் பக்கம் ஆசையை இழுக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கூட்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். ஆக ஓவர்டைம் முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவர் சாப்பிடுவதற்கு மனக்கட்டுப்பாடு இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 2018-ல் கொரிய அரசு உடல் பருமனைக் குறைக்க ஒரு பெரிய திட்டம் போட்டபோது, வயிறு வெடிக்கச் சாப்பிடுவதைக் காட்டும் முக்பாங் வீடியோக்களுக்கு வழிகாட்டு நெறி கொண்டுவரப் போவதாக அதில் ஒரு வரி சேர்த்தது, உடனே எங்கள் தட்டில் எட்டிப் பார்க்க நீங்கள் யார் என்று ஜனங்கள் கொதித்தார்கள். வீடியோவைக் குறை சொல்வது சுலபம், வேலை நேரத்தைக் குறைப்பதுதான் கஷ்டம்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். கொரியாவில் பாரம்பரிய மருத்துவர், ஹனுய்சா, அரசு அங்கீகாரம் பெற்ற முழு மருத்துவர். 1951-ல் வந்த மருத்துவச் சட்டமே நவீன மருத்துவம், பாரம்பரிய மருத்துவம் என்று இரண்டு தடங்களையும் ஏற்றுக்கொண்டது. கல்லூரியில் 6 வருஷம் படித்து, தேசியத் தேர்வு எழுதித்தான் ஹனுய்சா ஆக முடியும். ஊசி வைத்தியத்துக்கு 1987 முதலே தேசிய மருத்துவக் காப்பீடு உண்டு. நம்மூர் சித்த மருத்துவத்துக்கும் பட்டப்படிப்பும் அரசு மருத்துவமனைப் பிரிவுகளும் இருப்பதால் தமிழ் வாசகருக்கு இது புரிந்துகொள்ளக் கஷ்டமான ஏற்பாடு இல்லை. நாடி பிடிப்பது, நாக்கைப் பார்ப்பது, வயிற்றை அழுத்திப் பார்ப்பது எல்லாம் அங்கேயும் உண்டு. அதற்கு முன்பாக நோயாளியை இன்பாடி மெஷின்மேல் ஏற்றிக் கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எத்தனை கிலோ என்று ஒரு தாளையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இவர்களுடைய அடிப்படை நூல்களில் பெரியது 'தொங்உய் போகம்'. அரச வைத்தியர் ஹொ ஜுன் 1610-ல் முடித்து 1613-ல் அச்சேறிய 25 பாகத் தொகுப்பு, 2009-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பிடித்தது. ஜப்பானியப் படையெடுப்பின் நடுவே, பஞ்சமும் நோயும் ஊரைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. அதனால் எடையைக் குறைப்பது எப்படி என்ற கவலை அதில் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் உணர்ச்சி உடம்பை என்ன செய்யும் என்பது விரிவாகவே இருக்கிறது. கோபம் வந்தால் 'கி' என்கிற உயிரோட்டம் மேலே ஏறும், பயந்தால் கீழே இறங்கும், துக்கத்தில் கரையும், யோசித்து யோசித்து மருகினால் முடிச்சு விழும் என்று அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய சீன நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்திருக்கிறார் ஹொ ஜுன். கோபத்துக்கு உறுப்பு கல்லீரல், மருகலுக்கு உறுப்பு மண்ணீரல். இந்தக் கல்லீரலும் மண்ணீரலும் ஸ்கேனில் தெரிகிற உறுப்புகள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும், இவை ஒரு கூட்டம் அறிகுறிகளுக்கு வைத்த பெயர்கள்.

இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு ஹனுய்சா கேட்கும் கேள்விகள்தான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமான பகுதி. மேனேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் ஒரே மூச்சில் வேகவேகமாக, காரமாக, நிறையச் சாப்பிடுகிறவர் ஒரு ரகம். நெஞ்சில் சூடு, வாயில் கசப்பு, ஐஸ் தண்ணீர் மேல் ஆசை, மலச்சிக்கல். இவரைக் கல்லீரல் 'கி' தேங்கி, அது நெருப்பாக மாறி, இரைப்பையைச் சுட்டுக்கொண்டிருப்பவர் என்பார்கள். சாப்பிட்டது சீக்கிரம் எரிந்துவிடுகிறது, அதனால் மறுபடி பசிக்கிறது. இரண்டாவது ரகம், பெரிதாக ஒரு வேளையும் சாப்பிடாமல், நாள் முழுக்க பிரெட், பிஸ்கட், இனிப்புக் காபி என்று கொறித்துக்கொண்டே இருப்பவர். வயிறு உப்பிக்கொண்டே இருக்கும், களைப்பு, ராத்திரி படுத்தால் நாளைய வேலை மண்டைக்குள் ஓடும். இவருக்கு மருகல் மண்ணீரலைக் கெடுத்துவிட்டது என்பது கணக்கு. மூன்றாவது, காலையில் பசியே இல்லாமல் ஏப்பம் விட்டபடி எழுந்து, மதியம் ஒப்புக்குச் சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு மேல்தான் அன்றைய சாப்பாட்டைத் தொடங்குபவர், செரிக்காத மிச்சம் தேங்கிய ரகம். இந்த மூன்றாவது ஆளை நவீன மருத்துவமும் அடையாளம் கண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955-லேயே இரவு உண்ணும் நோய்க்குறி என்று எழுதிவைத்தது கிட்டத்தட்ட இதே சித்திரம்தான்.

முதல் ரகத்துக்கு ஒரு கூடுதல் சோதனை உண்டு. மார்பெலும்பின் மேல், இரண்டு முலைக்காம்புகளுக்கும் நடுவே உள்ள புள்ளியை விரலால் அழுத்துவார்கள். மேல் கை வைக்கவிடாமல் வலித்தால், அடக்கிவைத்த கோபம் அங்கே சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஹ்வாப்யோங் என்று கொரியர்கள் சொல்லும் நோய்க்கு இது வழக்கமான பரிசோதனை. மாமியார், புருஷன், பணக்கஷ்டம் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் விழுங்கிய நடுவயதுப் பெண்களுக்கு நெஞ்சில் நெருப்பும் தொண்டையில் உருண்டையுமாக வருவது. 1994-ல் வெளியான அமெரிக்க மனநலக் கையேட்டின் நான்காம் பதிப்பு, பண்பாடு சார்ந்த நோய்க்குறிகளின் பட்டியலில் இதையும் சேர்த்திருந்தது. சாப்பாட்டுக்காக வந்தவரிடம் இந்தப் புள்ளியை அழுத்தும்போது சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள் என்று கொரிய மருத்துவர்கள் சொல்வதுண்டு. அது புள்ளியின் மகிமையோ இல்லையோ, என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டாரே என்பதற்கே அழுகை வரலாம்.

மருந்தும் இந்தப் பிரிவினைப்படிதான். கோபக்காரருக்குக் கமி-சோயோ-சான் மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அதில் சிஹோ என்ற வேர், பியோனி, ஆஞ்சலிகாவோடு நமக்குத் தெரிந்த இஞ்சி, புதினா வகை, அதிமதுரம் எல்லாம் இருக்கும். மருகுகிறவருக்கு க்விபி-தாங், அதில் ஜின்செங்கும் லாங்கன் பழமும் காட்டு இலந்தை விதையும் சேரும், தூக்கத்துக்கும் களைப்புக்கும் குறி வைத்தது. செரிக்காதவருக்கு ஆரஞ்சு வகைத் தோலும் மேக்னோலியாப் பட்டையும் சேர்ந்த பியோங்வி-சான். இவை மன அழுத்தத்தால் வரும் அதிகச் சாப்பாட்டைக் குறைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய, நல்ல சோதனைகள் கிடையாது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நோயாளியிடம் எப்போது, என்ன, எந்த மனநிலையில் சாப்பிட்டாய் என்று வாராவாரம் கேட்பது இருக்கிறதே, உணவுச் சிக்கல்களுக்கு நவீன உளவியல் முதலில் கையில் எடுக்கும் அறிவுசார் நடத்தை சிகிச்சையும் அங்கேதான் தொடங்குகிறது: ஒரு நோட்டு, நேரம், சாப்பிட்டது, அதற்கு முன்னால் நடந்தது. இரண்டு மரபும் வேறு வேறு வழியாக வந்து ஒரே கேள்வியில் நிற்கின்றன.

உடல்வாகு பார்க்கும் சசாங் முறையையும் தொட்டுவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் கொரியா பற்றித் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். லீ ஜே-மா என்பவர் 1894-ல் எழுதிய நூலில் மனிதர்களை நாலு வகையாகப் பிரித்தார். அதில் தேயுமின் என்கிற வகைதான் எடை போடும் வாகு: பெரிய கல்லீரல், சிறிய நுரையீரல், நன்றாகச் சாப்பிடும், நன்றாக வியர்க்கும். கொரியர்கள் நம் ராசிபலன் மாதிரி இதைப் பேசி ரசிக்கிறார்கள். ஒரு ஆள் எந்த வகை என்பதில் இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போகாதது சகஜம் என்பதால் நான் இதில் அதிகம் நேரம் செலவழிக்க மாட்டேன். ஆனால் அடுத்த விஷயத்துக்கு இது தேவைப்படுகிறது.

எடை குறைப்புக்குக் கொரியாவில் மிகவும் பேர்போன கஷாயங்களில் ஒன்று தேயும்-ஜோவி-தாங், பெயரிலேயே தேயுமின் இருக்கிறது. யுல்மு என்ற தானியம், உலர்ந்த செஸ்ட்நட், முள்ளங்கி விதை, அப்புறம் மாஹ்வாங். செஸ்ட்நட்டும் முள்ளங்கி விதையும் பசியை அடக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம், அடக்குவது மாஹ்வாங். நவீன பெயர் எஃபெட்ரா. இதிலிருந்து எஃபெட்ரின் என்ற வேதிப்பொருளை 1885-ல் பிரித்தெடுத்தவர் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி. பழைய நூல்களில் மாஹ்வாங் சளிக்கும் இளைப்புக்கும் வியர்க்கவைக்கவும் உள்ள மூலிகை. அது பசியை மறக்கடிக்கும், இதயத்தை வேகமாக ஓட்டும், உடம்புச் சூட்டைக் கூட்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு எடைக்குப் பயன்படுத்துவது நவீன காலத்துப் பழக்கம்.

வேலை செய்கிறதா? செய்கிறது, கொஞ்சமாக. 2003-ல் அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, எஃபெட்ரா எடுத்தவர்கள் போலி மருந்து எடுத்தவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள் என்றது, அதுவும் குறுகிய காலத்துக்கு. அதே ஆய்வு, படபடப்பு, மனக்கலக்கம், வயிற்றுத் தொந்தரவு இவையெல்லாம் வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிகம் என்றும் சொன்னது. அதே 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர், 23 வயது, பயிற்சியின்போது வெப்பத் தாக்கில் இறந்துபோனார், எஃபெட்ரா கலந்த எடைக்குறைப்பு மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சொன்னார். 2004-ல் அமெரிக்க அரசு எஃபெட்ரா சேர்ந்த ஊட்டச்சத்து மாத்திரைகளைத் தடை செய்தது. கொரியாவிலும் மாஹ்வாங்கை உணவுப் பொருளில் சேர்க்கக் கூடாது. ஆனால் ஹனுய்சா மருந்தாக எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர் பார்த்து, அளவு தெரிந்து, குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் ஆபத்து குறைவு என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

என் கேள்வி வேறு. மன அழுத்தத்தால் சாப்பிடுகிற ஆளின் உடம்பில் ஏற்கெனவே நெஞ்சு அடிக்கிறது, தூக்கம் வரவில்லை, எரிச்சல் தலைக்கு ஏறி நிற்கிறது. மாஹ்வாங் செய்வதும் இதே மூன்றைத்தான். அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிபட்டு நிற்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரையே இன்னும் அழுத்துவது. முதல் சில வாரம் சாப்பாடு குறையும், இன்பாடி தாளில் எண் இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்தில் ஐஸ் அமெரிக்கானோ காபி வேறு இருக்கும், கொரிய ஆபீஸில் அது இல்லாமல் காலை விடியாது, கஃபீனும் எஃபெட்ரினும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ராத்திரி 2 மணி வரை கண் மூடாது. கஷாயம் நிறுத்தியதும், தூங்காத உடம்பும் தீராத டென்ஷனும் சேர்ந்து பழைய பசியை இன்னும் பலமாகக் கூட்டிக்கொண்டு வரும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் எதனால் சாப்பிட்டாரோ அதை இந்த மருந்து தொடவே இல்லை. இன்னொன்று, கொரிய மருத்துவத்தின் சொந்தக் கணக்குப்படியே இது தப்பு. சசாங் முறையில் மாஹ்வாங் தேயுமின் ஆட்களுக்கான மூலிகை, பலவீனத்தால் சும்மா இருக்கும்போதே வியர்க்கும் ஆளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று பழைய நூல்களே எச்சரிக்கின்றன. நாடியும் வாகும் பார்க்காமல், எடை எத்தனை என்று மட்டும் கேட்டுப் பைகளைக் கையில் திணிக்கிற இடத்தில் நடப்பது பாரம்பரிய மருத்துவமா என்பதே சந்தேகம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடில்லாமல் உண்ணும் நோய்க்கு 2015-ல் அமெரிக்கா அனுமதித்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மாத்திரையும் தூண்டும் ரகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் அளவு ஒவ்வொரு மாத்திரையிலும் மில்லிகிராம் கணக்கில் தெரியும், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள், வெறும் எடை குறைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. கஷாயப் பையில் எஃபெட்ரின் எவ்வளவு என்பது அந்தச் செடி எங்கே வளர்ந்தது, எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

ஊசிக்கு வருவோம், அதில் ஓரளவு நல்ல சோதனை ஒன்று கொரியாவிலேயே நடந்திருக்கிறது. 2014-ல் வெளியானது, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு, 23-க்கு மேல் உள்ள 91 பேர். ஒரு குழுவுக்குக் காதில் ஐந்து புள்ளிகளில் குட்டி ஊசி, இன்னொரு குழுவுக்குப் பசிப்புள்ளி என்று சொல்லப்படும் ஒரே இடத்தில், மூன்றாவது குழுவுக்குக் குத்தி உடனே எடுத்துவிட்டார்கள். 8 வாரத்தில் ஐந்து புள்ளிக் குழுவின் பிஎம்ஐ 6.1 சதவீதம் குறைந்தது, ஒற்றைப் புள்ளிக் குழுவுக்கு 5.7, மூன்றாவதில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள்: நடுவில் விட்டுப்போன 24 பேரில் 15 பேர் அந்த மூன்றாவது குழு. எல்லோருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லியிருந்தார்கள். ஊசி இருந்தவர்கள் கட்டுப்பாட்டைத் தாங்கிக்கொண்டார்கள், இல்லாதவர்களால் முடியவில்லை என்றும் படிக்கலாம். தங்கள் காதில் ஊசி இல்லை என்று தெரிந்ததும் ஆர்வம் போய்விட்டது என்றும் படிக்கலாம். 8 வாரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை. எனக்கு இதில் பிடித்தது, ஐந்துக்கும் ஒன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது, அதாவது அதிக ஊசிக்கு அதிகப் பணம் கேட்டால் யோசிக்கலாம்.

இதற்கு மேல் பணக்கணக்கும் உண்டு. செரிமானக் கோளாறுக்கு ஊசி போட்டால் காப்பீடு பெரும்பகுதியைத் தாங்கும், 2020-ல் தொடங்கிய கஷாயக் காப்பீட்டுச் சோதனைத் திட்டத்தில் 2024-ல் செரியாமையையும் சேர்த்தார்கள். எடை குறைப்புக் கஷாயமோ முழுக்கக் கைக்காசு, விலையைக் கிளினிக்தான் வைக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து உன் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதற்குத் தனியாகப் பில் போட முடியாது, பைகளுக்குப் போடலாம். விளம்பரம் எந்தப் பக்கம் சாயும் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கொரியாவில் வேலைக்கோ படிப்புக்கோ இருக்கிறவர்கள் இப்படி ஒரு கிளினிக்குக்குப் போவதானால் முதலில் கேட்க வேண்டியது, இதில் மாஹ்வாங் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம், எத்தனை வாரத்துக்கு. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தைராய்டு அதிகம், கர்ப்பம், கண் அழுத்த நோய் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மாத்திரைப் பட்டியலை அப்படியே மருத்துவரின் மேசையில் வைக்க வேண்டும். மாஹ்வாங் இல்லாத கஷாயம்கூட முழுக்கச் சாது இல்லை, அதிமதுரம் மாதக்கணக்கில் போனால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். வாரத்தில் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, குறுகிய நேரத்தில் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு அருவருப்பும் குற்ற உணர்ச்சியுமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஹனுய்வொன் வாசலுக்கு முன்னால் மனநல மருத்துவரின் வாசலுக்குப் போவது நல்லது, அது தனி நோய், அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. ஊசியை அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்வதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.